பின்வராந்தா இல்லாத வீடு

வீடு எரிந்து நூற்று எண்பத்தாறு நாளாகிவிட்டது. மழைக்கணக்கு வேறு: செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து இன்றோடு நாற்பத்து நான்கு நாள். அதில் முப்பத்தொரு நாள் மழை. இந்த இரண்டு கணக்கையும் ரோடா யாரிடமும் சொன்னதில்லை. மனதுக்குள் வைத்துத் தினமும் ஒன்று கூட்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் மழைதான். அடித்துக் கொட்டுகிற மழை இல்லை. அமெரிக்காவின் மேன் மாநிலத்து உள்காட்டில் அக்டோபரில் பெய்கிற மழை. விடிகிறபோது தொடங்கி இருட்டும்வரை ஒரே அளவில் இறங்கிக்கொண்டிருக்கும். மேப்பிள் இலைகள் பாதிக்கு மேல் கொட்டி, சேற்றில் மிதிபட்டுப் பழுப்பாகிக் கிடந்தன. தங்குவதற்கு என்று தேவாலயத்தார் இரவல் கொடுத்த ட்ரெய்லர் வண்டிக்குள் காலுறைகள் மூன்று நாளாகக் காயவில்லை. ரொட்டி வாங்கிய மறுநாளே பூஞ்சை பிடித்தது.

ரோடா காப்பியை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்ப் பந்தலுக்குப் போனாள். உள்ளே அவள் கணவன் லிண்டன் ஒரு உத்தரத்தின் மேல் குனிந்து டேப்பை நீட்டிக்கொண்டிருந்தான். எட்டங்குலச் சதுரம், இருபத்து நான்கு அடி நீளம், இன்னும் காயாத ஹெம்லாக் மரம். ஐநூறு பவுண்டு இருக்கும். கோடை முழுக்க நார்ம் பெல்கியின் மர ஆலையில் வேலை செய்து, அதற்கு ஈடாக அறுத்து வாங்கிய மரங்கள். அளந்தான், பென்சிலால் கீறினான், டேப்பைச் சுருட்டினான், மறுபடியும் நீட்டினான்.

"எத்தனாவது தடவை?" என்றாள்.

"எண்ணல."

"நான் எண்ணுனேன். இதோட ஆறு."

"ஏழாவதும் அளந்துட்டுப் போறேன். மரம் எங்க ஓடிடப் போகுது?"

"மரம் ஓடாது. நாள் ஓடுது லிண்டன். சனிக்கிழமை எல்லாரும் வராங்க."

"வரட்டும். தப்பா வெட்டுன மரத்தைத் தூக்க வரச் சொல்ல முடியாதுல்ல."

காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு உத்தரத்தின் மேல் வைத்தான். ஏழாவது தடவை அளந்தான்.

முன்பெல்லாம் அவன் ஒரு தடவைதான் அளப்பான். கோழிக்கூண்டு, படகு மேடை, அவளுடைய தையல் மேசை எல்லாமே ஒரே அளவு, ஒரே வெட்டு. அளக்கும்போது விசில் அடிப்பான். ஏப்ரலுக்குப் பிறகு விசில் இல்லை. ஒரு கழுந்து செதுக்க அரைநாள் எடுத்துக்கொண்டான். மரத்தின் முனையில் நாக்குப் போல விட்டுச் செதுக்குவதுதான் கழுந்து. அது அடுத்த மரத்தின் துளைக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் குறுக்கே துளை போட்டு ஓக் மர முளை அடிக்க வேண்டும். வீடு முழுக்க இப்படித்தான். தூணும் உத்தரமும் சேர்ந்த வீட்டுச் சட்டத்தில் இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஆகஸ்டில் எழும்பியிருக்க வேண்டிய சட்டம். அவன் அளந்து அளந்தே இலையுதிர் காலத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. நவம்பர் நடுவில் பனி விழும். அதற்குள் கூரை ஏறாவிட்டால் குளிர்காலம் முழுக்க மரம் நனைந்து, உறைந்து, வெடிக்கும். அவர்கள் இருவரும் லிண்டனுடைய அண்ணன் வெண்டல் வீட்டு நிலவறையில் போய் இருக்க வேண்டும்.

லிண்டன் தன் கையையே நம்பவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். தெரிந்ததாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, காற்று அடித்த வெள்ளிக்கிழமை. லிண்டன் ஊர்ச் சாலை வேலையில் இருந்தான். ரோடா, வெண்டலின் மனைவி ஆர்லீனுக்கு மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்ச உதவப் போயிருந்தாள். அந்தப் பருவத்தின் கடைசிச் சாறு. பாகுக் கொட்டகையின் ஆவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது, கிழக்கே வேறு நிறத்தில் ஒரு புகை எழுந்ததை முதலில் பார்த்தவள் ஆர்லீன்தான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது சமையலறை போயிருந்தது. ஊர்த் தீயணைப்புக்காரர்கள் குளத்தில் குழாய் போட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள்தான், நார்மும் அவர்களில் ஒருவன். சாயங்காலம் நான்கு மணிக்குப் புகைபோக்கி மட்டும் நின்றது.

மறுநாள் காலை விசாரிக்க வந்த அதிகாரி ரப்பர் பூட்ஸோடு சாம்பலில் ஒரு மணி நேரம் நடந்தார்.

"பின்வராந்தாவுலேருந்து கிளம்பியிருக்கு," என்றார். "அங்க என்ன இருந்துச்சு?"

ரோடா வாயைத் திறந்தாள். தோளில் யாரோ போர்த்திவிட்ட கம்பளி. திறந்த வாய்க்குள் குளிர்காற்று போனது.

"ஃப்ரீசர்," என்றான் லிண்டன். "மான்கறி வைக்க. போன இலையுதிர் காலத்துல நான்தான் வயர் இழுத்தேன். நானே இழுத்தேன். ஆள் வெச்சுச் செய்யல."

அவர் எழுதிக்கொண்டார். காரணம் உறுதியில்லை, மின்சாரமாக இருக்கலாம். ரோடா வாயை மூடிக்கொண்டாள்.

வயர் காரணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எது என்பதும் தெரியும். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம், கொஞ்சம் கஷ்டப்பட்டு. மூன்றாவது வாரம் ஊர்க் கூடத்தில் அவர்களுக்காக மொச்சை விருந்து வைத்தார்கள். வீடு எரிந்தவர்களுக்கு அந்த ஊரில் எப்போதும் வைப்பது. பன்னிரண்டு பானை மொச்சை, உப்புப் பன்றிக்கறி போட்டு ராத்திரி முழுக்க வேகவைத்தது, கருப்பு ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட். இருநூறு பேர் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். போகும்போது ஒவ்வொருவரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஆர்லீன் அவள் காதருகே வந்து சொன்னாள்:

"அவனை ஒண்ணும் சொல்லாதடி. ஏற்கெனவே செத்துட்டான் மனசால. தானே செய்யறேன்னு கிளம்புற ஆம்பளைங்களுக்கு இப்படி ஒண்ணு நடக்கணும்னு இருக்கு. நீ பெரிய மனசு பண்ணு."

ரோடா தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல்தான் அவளைக் குத்தியது. வாயை மூடியதைக்கூட அதிர்ச்சி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். தலையாட்டியதற்கு அப்படி எதுவும் சொல்ல முடியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம், உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாலும் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாலும், காதுமடல் சூடாகும்.

மழை கொஞ்சம் குறைந்தபோது லிண்டன் ஏழாவது அளவோடு திருப்தியடைந்தான். செதுக்கியிருந்த கழுந்தைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார்கள். பிறகு முளைத்துளையைக் குறிக்கும் வேலை. தூணில் போட்ட துளை வழியாகக் கழுந்தின் மேல் புள்ளி வைத்து, கழுந்தை வெளியே இழுத்து, அந்தப் புள்ளியை, கழுந்து தொடங்கும் தோள்பக்கமாக ஒரு நூலளவு நகர்த்திக் குறிக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம். அப்படி நகர்த்தித் துளை போட்டால்தான், முளையை அடிக்க அடிக்க அது கழுந்தை உள்ளே இழுத்து, இரண்டு மரமும் சேரும் மூட்டை இறுக்கும். இந்த வேலை ரோடாவுடையது. அவள் கண் கூர்மை. கையும் நடுங்காது.

லிண்டன் மரச்சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான். அவள் மண்டியிட்டுக் குறிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் வெண்டலின் லாரி சேற்றில் உறுமிக்கொண்டு வந்தது. வெண்டல் இறங்கினான், ஆரஞ்சுத் தொப்பி, வயிற்றுக்கு மேல் பித்தான் மாட்டாத மழைக்கோட்டு. பின்னால் ஆர்லீன், மூடி போட்ட பாத்திரத்தோடு.

"டேய் லிண்டன்! இன்னும் அளந்துட்டுதான் இருக்கியா? நோவா கப்பல் கட்டி முடிச்சு, வெள்ளம் வடிஞ்சு, ஆள் இறங்கிப் போயாச்சுடா."

"நோவாவுக்கு நூறு வருஷம் டைம் இருந்துச்சு," என்றான் லிண்டன் நிமிராமல்.

"உனக்கு நாலு நாள் இருக்கு. சனிக்கிழமை இருபது பேருக்கு மேல வராங்க. நார்ம் சட்டத்தைத் தூக்குற கழியெல்லாம் தயார் பண்ணிட்டான். ஆமா, நான் கேட்டதுக்கு என்ன பதில்? பார்க்கர்ட்ட பேசிட்டேன். லைசென்ஸ் உள்ள ஆள். சட்டம் எழும்புனதும் வந்து வயர் இழுத்துடுவான். நீ தொடவே வேணாம்."

"வயரே வேணாம்."

"என்னது?"

"வயர் வேணாம்னேன்."

வெண்டல் ஆர்லீனைப் பார்த்தான். ஆர்லீன் பாத்திரத்தை மரக்கட்டை மேல் வைத்துவிட்டு மூடியைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"பைத்தியமாடா நீ? சிம்னி விளக்கு ஏத்திக்கிட்டுக் குடும்பம் நடத்தப் போறியா? ரோடா, நீ கேக்க மாட்டியா இவனை?"

ரோடா தலை தூக்கவில்லை. மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளை எதுக்கு இழுக்கற?" என்றான் லிண்டன். "வெளிச்சத்துக்கு விளக்கு. சூட்டுக்கு விறகு. விறகை நம்பலாம். நம்ம கண்ணு முன்னாடி எரியும், நம்ம கண்ணு முன்னாடி அணையும். சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருந்து எரியாது."

பென்சில் முனை ஒடிந்தது. ரோடா கத்தியால் சீவிக்கொண்டு மறுபடியும் குறித்தாள். உத்தரத்தின் இரண்டு முனையிலும் நான்கு புள்ளி.

"சரி, வயர் வேணாம்," என்றான் வெண்டல். காகிதத்தில் வரைந்த வீட்டுப்படம் கண்ணாடித் தாளுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொப்பி நுனி படக் குனிந்து பார்த்தான். "பின்வராந்தா எங்கடா? சேத்துக் காலோட நேரா சமையலறைக்குள்ள வருவியா?"

"பின்வராந்தா கிடையாது."

வெண்டல் படத்திலிருந்து நிமிர்ந்தான். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து ஊற்றியது.

"பாத்திரத்துல மான்கறிக் குழம்பு இருக்கு," என்றாள் ஆர்லீன். "ஆறிடும். சாப்பிடுங்க ரெண்டு பேரும். ரோடா, முகமே சரியில்லையேடி உனக்கு. தூங்குறியா இல்லியா?"

"தூங்குறேன்."

"பொய் சொல்லாத. எனக்குத் தெரியும், இவனை நெனச்சு நெனச்சு உருகுற. உன்னை மாதிரி ஒருத்தி அமையணுமே."

ரோடா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் இரண்டும் சேறு.

அன்று சாப்பிட்டபின் லிண்டன் ட்ரெய்லரில் இருந்த ஒரே மின்விளக்கின் பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். சூடு இருக்கிறதா என்று புறங்கையால். குனிந்து முகர்ந்தும் பார்த்தான். பிறகு பிடுங்கிப் போட்டான். ஒவ்வொரு நாளும் இப்படித்தான். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போலத் தொடுவான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"லிண்டன்."

"ம்."

"ஒண்ணுமில்ல. கால் சில்லுன்னு இருக்கு உனக்கு."

"காலுறை ஈரம்," என்றான்.

சனிக்கிழமை மழை தூறலாக இளைத்திருந்தது. ஏழு மணிக்கெல்லாம் லாரிகள் சாலையோரம் வரிசை கட்டின. இருபத்து மூன்று பேர். சாலை வேலைக்காரர்கள், தீயணைப்புக்காரர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பாதிரியார், தேவாலயத்துப் பெண்கள். பெண்கள் பந்தலுக்குள் மேசை போட்டு மொச்சைப் பானை, டோனட், ஆப்பிள் பைப் பலகாரம், பெரிய காப்பிக் கொதிகலன் எல்லாம் அடுக்கினார்கள். கலனிலிருந்து இரைச்சலோடு ஆவி எழுந்து தார்ப்பாயில் பட்டுச் சொட்டியது. பெண்களில் பாதிப் பேர் மேசையை விட்டுவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு கழி பிடிக்க வந்துவிட்டார்கள்.

நார்ம்தான் மேஸ்திரி. எழுபது வயது, ஒல்லி, வாயோரத்தில் எப்போதும் ஒரு மரச்சீவல். தரைப்பலகை மேல் முதல் சட்டத்தைப் படுக்க வைத்து மூட்டுகளைச் சேர்த்தார்கள். இரண்டு பக்கம் தூண், குறுக்கே உத்தரம், மூலையில் சாய்வுக்கட்டைகள். நார்ம் முளைகளை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் மூட்டு முனகிக்கொண்டு இறுகியது. மரத்திலிருந்து தண்ணீர் பிதுங்கியது.

"பாருங்கடா," என்றான் நார்ம். "ஒரு தாள் நுழையாது இதுல. லிண்டன், நீ வீடு கட்டுறியா, வயலின் பண்றியா?"

லிண்டன் சிரிக்கவில்லை. ஆனால் பார்த்தான்.

"எல்லாரும் கைய வையுங்க. வெண்டல், வயித்தை உள்ள இழு, சட்டம் இடிக்கும். ஒண்ணு... ரெண்டு... தூக்கு!"

சட்டம் முதலில் முழங்கால் வரை வந்தது. பிறகு தோள் வரை. அங்கிருந்து கழிகள். இரும்பு முனைகள் மரத்தில் குத்தி ஏற, ஏற, பூட்ஸுகள் ஈரப் பலகையில் வழுக்க, யாரோ கெட்ட வார்த்தை சொல்ல, யாரோ பாதிரியாரிடம் மன்னிப்புக் கேட்க, தூண்களின் அடிமுனை அடித்தளக் கட்டையின் துளைக்குள் தொப்பென்று இறங்கியது. சட்டம் நின்றது. ஒரு நிமிடம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே அதுவரை வானம் மட்டும்தான் இருந்தது.

பத்து மணிக்கு இரண்டாவதும் நின்றது. லிண்டன் அதன் தூணில் கை வைத்தான். எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு, மெதுவாக, உதட்டைக் குவித்தான். விசில் வரவில்லை, காற்றுதான் வந்தது. ரோடா பந்தலில் டோனட்டில் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்துவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினாள். சொல்ல வேண்டாமோ என்று தோன்றியது. வீடு எழும்பிவிட்டால் அவன் தேறிவிடுவான். ஒரு வருடம், இரண்டு வருடம். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

மூன்றாவது சட்டத்தைச் சேர்த்தார்கள். நார்ம் முளையை வைத்து அடித்தான். மூட்டு இறுகவில்லை. இன்னொரு அடி. தோளுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. மூன்றாவது அடியில் கோடு அகலமானது. ஒரு நாணயத்தைச் செருகலாம்.

"ஏய், என்னடா இது?" என்றான் நார்ம். "ஊட்டுனா துப்புது!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மறுமுனையிலும் அதேதான்.

"துளை எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கு," என்றான் நார்ம். "உள்ள இழுக்கறதுக்குப் பதிலா வெளிய தள்ளுது. பரவால்ல, முளையைத் தட்டி எடுத்துட்டு, துளையை அடைச்சு, வேற துளை போட்டுக்கலாம். ஒரு மணி நேரம். எங்கப்பா எங்க மாட்டுக் கொட்டகையில மூணு இடத்துல இப்படிப் பண்ணியிருக்காரு. எம்பது வருஷமா நிக்குது, அதுக்குள்ள மாடுகளும் நின்னுட்டுதான் இருக்கு."

"நல்லவேளை, இது மரம்," என்றான் வெண்டல். "இதுல கரண்ட் ஓடல."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் என்ன சிரித்தோம் என்று அவர்களுக்கே புரிந்தது.

"வெண்டல்!" என்றாள் ஆர்லீன்.

"சும்மா சொன்னேன்ப்பா. வாயில வந்துடுச்சு. லிண்டன், டேய், சும்மாடா."

லிண்டன் மண்டியிட்டு அந்த இடைவெளியில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். எழுந்து போய் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு கையிலிருந்த கொட்டாப்புளியைச் சத்தம் வராமல் பலகை மேல் வைத்தான்.

"நிறுத்திடுங்க எல்லாரும்," என்றான்.

"ஒரு மணி நேர வேலைப்பா," என்றான் நார்ம். "நாங்க ஆப்பிள் பை சாப்பிடறோம் அதுக்குள்ள."

"ஏழு தடவை அளந்தேன் நார்ம். ஒவ்வொண்ணையும் ஏழு தடவை. அப்படியும் இப்படி."

"இது அளவு இல்ல, குறி."

"எதுவா இருந்தா என்ன? என் கையில ஏதோ இருக்கு. இதைப் பிரிச்சுடலாம். மரத்தை நீயே எடுத்துக்க."

ரோடா பந்தலிலிருந்து வந்துவிட்டாள். கையில் சர்க்கரை ஒட்டியிருந்தது. ஆட்கள் வழிவிட்டார்கள். அவள் மூட்டைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை, வெண்டல் லாரி வந்த நேரம், ஒடிந்த பென்சில்.

"அது நான் குறிச்சது," என்றாள். "இந்த உத்தரம் முழுக்க நான்தான் குறிச்சேன். நூலளவு நகர்த்தணும், எதிர்ப்பக்கம் நகர்த்திட்டேன்."

சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். நாக்கு தடுமாறவில்லை. கூட்டம் மூச்சு விட்டது.

"அட, ரோடாவா குத்தவாளி!" என்றான் நார்ம். "சரி, அபராதம் ஆப்பிள் பை. எனக்கு ரெண்டு துண்டு."

சிரித்தார்கள். லிண்டன் சிரிக்கவில்லை. அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"வேணாம் ரோடா," என்றான். "எனக்காக இதையும் ஏத்துக்காத."

"ஏத்துக்கல. நெசமாவே நான்தான் குறிச்சேன். நீதானே என்கிட்ட குடுத்த."

"குறியைச் சரி பாக்காம துளை போட்டது யாரு? நான். எல்லாத்தையும் நான்தான் போட்டேன்." கூட்டத்தின் பக்கம் திரும்பினான். அவன் இத்தனை பேருக்கு நடுவில் பேசி யாரும் கேட்டதில்லை. "உங்க எல்லாருக்கும் தெரியணும். ஏப்ரல்லேருந்து இவ என்னை ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வார்த்தை. நான் இழுத்த வயர்ல இவ அம்மா தைச்ச போர்வையெல்லாம் போச்சு. கல்யாண போட்டோ போச்சு. பூனை ரெண்டும் போச்சு. வேற ஒருத்தியா இருந்தா கேட்டிருப்பா. எதுக்குடா ஆள் வெச்சுச் செய்யலன்னு. இவ கேக்கல. காலையில காப்பி போட்டுக் குடுத்தா, மழையில என்கூட நின்னா. இப்படிப்பட்டவளை நான் கட்டுன இன்னொரு கூரைக்குக் கீழ நான் படுக்க வைக்க மாட்டேன். வெண்டல், உன் நிலவறையில இடம் இருக்குன்னியே. இன்னிக்கே வந்துடறோம்."

வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். தலையில் தூறல் விழுந்தது. "லிண்டன், நான் வாய்க்கு வந்ததைப் பேசறவன்டா. என் பேச்சுக்காக..."

"உன் பேச்சுக்காக இல்ல. நீ சொன்னது சரி."

ஆர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பெண்களும் துடைத்துக்கொண்டார்கள். பாதிரியார் தரையைப் பார்த்தார். எல்லோரும் ரோடாவைப் பார்த்தார்கள். மொச்சை விருந்தில் பார்த்த அதே பார்வை. நல்லவள் ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. அது முகத்தில் வெந்நீர் போல விழுந்தது.

"வயர் இல்ல," என்றாள் ரோடா.

குரல் சின்னதாக வந்தது. முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

"ரோடா, போதும்," என்றான் லிண்டன்.

"வயர் இல்ல லிண்டன்."

"உனக்கு எப்படித் தெரியும்? அந்த அதிகாரியே அப்படித்தான் எழுதினாரு."

"நீ சொன்னதைத்தான் அவர் எழுதினாரு."

ஆர்லீன் வந்து அவள் தோளில் கை போட்டாள். "வாடி, உள்ள வா. உடம்பெல்லாம் நனைஞ்சுடுச்சு பாரு. அவனைத் தேத்தறதுக்குன்னு நீ ஏதாவது உளறாத. அவனுக்குக் கொஞ்சம் ஆறட்டும், நாளைக்குப் பேசிக்கலாம்."

நாளைக்கு. தோளில் இருந்த கை கனமாகவும் கதகதப்பாகவும் இருந்தது. அதற்குக் கீழே அப்படியே நடந்து போய்விடலாம். காப்பி கொடுப்பார்கள். தலையாட்டினால் போதும்.

ரோடா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். ஆர்லீன் ஒரு எட்டு பின்னால் போனாள்.

"எல்லாருக்கும் கேக்கணும்," என்றாள் ரோடா. "நார்ம், அந்தக் கொதிகலனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

யாரோ போய் நிறுத்தினார்கள். தார்ப்பாயில் தூறல் விழுகிற சத்தம் மட்டும். அவள் லிண்டனைப் பார்த்துச் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. மூட்டில் தெரிந்த அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு, கண்ணை வலிந்து தூக்கி, அவன் முகத்தில் வைத்தாள்.

"விறகடுப்புச் சாம்பல். நம்ம தகரச் சாம்பல் வாளியைத் தேய்ச்சுக் கழுவி, மேப்பிள் சாறு பிடிக்க மரத்துல தொங்கவிட்டுட்டேன், ஒரு வாளி குறைஞ்சுதுன்னு. அடுப்பு அணைஞ்சு ரெண்டு நாளாச்சு, ஆறியிருக்கும்னு நெனச்சு, சாம்பலை வாழைப்பழ அட்டைப்பெட்டியில அள்ளினேன். பின்வராந்தாவுல, ஃப்ரீசருக்குப் பக்கத்துல, மரப்பலகை மேல வெச்சேன். வெச்சுட்டுத்தான் ஆர்லீன் வீட்டுக்குப் போனேன். நீ வயர்னு சொன்னப்ப எனக்குத் தெரியும். வீட்டை எரிச்சது நான், லிண்டன்."